பில்டருக்கு ரெயின்கோட்டு

சொல்றேண்ணே, சொல்றேன். மொதல்ல இந்தக் கதவு சரியா சாத்தியிருக்கான்னு பாத்துக்கறேன். ஆங், இப்ப சரி. சீட்டு நனையுதேன்னு மனசுக்குள்ள திட்டாதீங்க, முழங்கால் தண்ணில எறங்கி நின்னவ நான். நீங்க வர்றவரைக்கும் முக்கா மணி நேரம் அந்தப் பாலத்துச் செவுத்தோரமா நின்னேன். போற வர்றவன் பூரா வேடிக்கை பாத்தானே தவிர ஒருத்தன் தள்ளிவிட வரல.

இல்ல, பேச்ச மாத்தல. வண்டி நின்னதுக்கப்புறம் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேனான்னுதானே கேட்டீங்க? இந்த வண்டி இழுக்கற பேப்பர்ல அதுக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்கா? அடேங்கப்பா. அப்ப எல்லாரும் பண்ற வேலைதான் போல. கொஞ்சம் இருங்க, அதுக்கு வர்றேன். பேனாவ அப்படி சட்டைப் பையில சொருகிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க. பின்னாடி கட்டி இழுத்துட்டு வர்றது அவரோட உசுரு. எங்கயாச்சும் இடிச்சீங்கன்னா என்னை இல்ல, உங்களைத்தான் கேப்பாரு.

அவருன்னா எங்க வீட்டுக்காரரு.

நீங்க பம்பருக்கு அடியில டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு உச்சுக் கொட்டுனீங்கல்ல, நான் பாத்தேன்.  அந்த உச்சு இருக்கே, அத நான் ரெண்டு வருஷமா கொட்டிட்டு இருக்கேன். அந்தப் பைப்பப் பாத்துத்தானே? தெரியும். அந்தச் சனியன் புடிச்ச பைப்பு.

இந்த வண்டிய நாங்க பழசாத்தான் வாங்கினோம். வாங்கும்போது அதுல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் பொட்டி இருந்துச்சு, மேல, லைட்டுக்குப் பின்னாடி. இன்ஜினு அது வழியாத்தான் காத்து இழுக்கும். எத்தன மழை பாத்திருப்போம் அதுல! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நின்னிருக்குமா? நிக்கல. செஞ்சவன் முட்டாளாண்ணே? காத்து வர்ற வாய மேல வெச்சிருக்கான்னா ஒரு காரணமாத்தானே வெச்சிருப்பான்?

இவருக்கு ஒரு செட்டு இருக்கு. ஞாயித்துக்கெழம ஆனா ஒரு பெரிய கடையோட கார் நிறுத்துற எடத்துல கூடுவாங்க. ஏழெட்டு பேரு. எல்லாருக்கும் நாப்பதுக்கு மேல வயசு, பாதிப் பேருக்கு முடி கெடையாது. பானெட்ட தூக்கி வெச்சுக்கிட்டு ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் காது குடுத்துக் கேப்பான். நெஜமாத்தான் சொல்றேன், டாக்டரு மாதிரி குனிஞ்சு கேப்பாங்க. அதுல ஒருத்தருக்கு சைலன்சருன்னே பேரு. அந்த ஆளுதான் இவருக்கு ஓதினது. அந்தப் பொட்டியக் கழட்டிட்டு நீளமா ஒரு பைப்பு போடு, பைப்போட நுனியில ஒரு பில்டரு, அதக் கொண்டுபோய் பம்பருக்குள்ள சக்கரத்துக்குப் பக்கமா கீழ எறக்கிடு, இன்ஜினு சும்மா உறுமும்னு.

உறுமுச்சுண்ணே. இல்லங்கல. மொத நாள் என்னை எறக்கி நிக்கவெச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுக் காட்டுறாரு. கேக்குதா, எப்படி மூச்சு வாங்குது பாருங்கறாரு. மூச்சு வாங்குனா ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டுப் போவாங்க, நீங்க என்ன சந்தோசப்படறீங்கன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு மனுஷனுக்கு.

எதுக்குங்க கீழ எறக்கணும்னு கேட்டேன். கீழதான் காத்து ஜில்லுன்னு இருக்குமாம், ஜில்லுன்னு இருந்தா இன்ஜினு பலமா இழுக்குமாம். கீழ தண்ணியும் இருக்குமேன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பேசாம இருன்னுட்டாரு.

எனக்கா தெரியாது? பதினாறு வருஷமா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேலை பாக்கறேண்ணே. ஒரு நாளைக்கு முன்னூறு பெட்ஷீட்டு. நான் நிக்கற மிஷினு ஒவ்வொண்ணும் உங்க லாரி கேபின் உசரம் இருக்கும். தண்ணி எங்க நுழையும், எங்க நிக்கும், எதப் பிச்சுக்கிட்டு வெளிய வரும்னு நான் பாக்காததா? ஒரு நாள் பம்புல அடைப்பு விழுந்து இவ்வளவு தடி இரும்புக் கம்பி வளைஞ்சு போச்சு. எங்க மெக்கானிக்கு அதக் கையில எடுத்துக் காட்டினாரு. காத்த அமுக்கலாம்மா, தண்ணிய அமுக்க முடியாது, அமுக்குனா எது பலவீனமோ அது வளையும்னாரு. கார் இன்ஜினுக்கும் அதே கதைதானே? உள்ள நாலு கம்பி மேலயும் கீழயும் போய் வருது. காத்து இருக்கவேண்டிய எடத்துல தண்ணி வந்து உக்காந்துச்சுன்னா கம்பி வளையும், இல்ல முறிஞ்சு வெளிய வரும். உங்களுக்கு நான் சொல்லணுமா, மாசத்துக்கு எத்தன வண்டி தூக்கறீங்க இந்த மாதிரி?

பாத்தீங்களா. மழைக் காலத்துல வாரத்துக்கு மூணுன்னா, அதுல எத்தன வண்டில இந்தப் பைப்பு இருக்கும்? எண்ணலையா? எண்ணிப் பாருங்க ஒரு தடவ.

நான் கையால அளந்து பாத்தேண்ணே. ரோட்டுல இருந்து அந்தப் பில்டரு ஒண்ணேகால் ஜாண். அவ்வளவுதான். குழந்தைங்க குதிச்சு வெளையாடற குட்டை போதும் அது முங்கறதுக்கு. அதச் சொன்னா உடனே கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கிட்டு வந்தாரு. என்னான்னு நெனைக்கறீங்க? பில்டருக்கு மேல மாட்டற உறை. கறுப்புத் துணி. ரெயின்கோட்டாம். சிரிக்காதீங்க. வீட்டுல பொண்ணு போட்டுட்டுப் போற ரெயின்கோட்டு தோள்ல கிழிஞ்சு நான் டேப்பு ஒட்டிக் குடுத்திருக்கேன், அது கண்ணுக்குத் தெரியல. பில்டரு நனையுதேன்னு ஓடிப்போய் வாங்கிட்டு வர்றாரு. அது வந்த அட்டைய நான் எடுத்துப் படிச்சேன். தெறிக்கற தண்ணிக்குத்தான் இது, முங்குனா நாங்க பொறுப்பில்லன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். படிச்சுக் காட்டுனா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்கங்கறாரு.

ஆமா, அடிக்குது. என் போனுதான். அவருதான். அடிக்கட்டும். வண்டியக் கட்டி இழுத்துட்டு வர்றாங்க, நானும் வர்றேன்னு மெசேஜு போட்டுட்டேன், போதும். இப்ப எடுத்தா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியல.

கெட்டவரு இல்லண்ணே. அதான் எரிச்சலே. குடிகாரனா இருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். எனக்கு டைபாய்டு வந்தப்ப பத்து நாள் லீவு போட்டுட்டு எனக்குத் தலை வாரிவிட்டவரு. சிக்கு எடுக்கத் தெரியாது, முடியப் பிச்சு எடுத்துட்டாரு, அது வேற விஷயம். ஜெராக்ஸ் மிஷினு ரிப்பேர் பண்றவரு. ஆபீசு ஆபீசா போவாரு. போற எடத்துல அவரு பேரு ஒருத்தருக்கும் தெரியாது. ஜெராக்ஸ்காரரு வந்தாச்சும்பாங்க, அவ்வளவுதான். பேப்பரு இவங்க கோணலா போட்டுட்டு இவரைக் கத்துவாங்க. கை பூரா கறுப்பு மையோட சரிங்க சார், சரிங்க மேடம்னுட்டு வருவாரு. ஞாயித்துக்கெழம அந்தக் கூட்டத்துல மட்டும்தான் அவரு பேசுனா நாலு பேரு கேக்கறாங்க. அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க வண்டி, உங்க பைப்பு, எப்படியோ போங்கன்னு.

ஆனா பொண்ணு கையில சாவியக் குடுத்தாரு பாருங்க. அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு.

ஒரே பொண்ணு. நர்சுக்குப் படிக்கறா. திங்கக்கெழமல இருந்து ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற ஆஸ்பத்திரில டூட்டி, காலைல ஆறு மணிக்கு. ஹாஸ்டல்ல ஒரு கட்டில் இருக்கு, வேணுமான்னு கேட்டாங்க. இவருதான் வேணாம்னாரு. நம்ம வீட்டுல வண்டி இருக்கும்போது எம்பொண்ணு எதுக்கு எவகூடவோ படுக்கணும்னு. லைசென்சு வாங்கி மூணு மாசம் ஆகல அவளுக்கு. போற வழி எது தெரியுமா? நீங்க என்னைத் தூக்கிட்டு வந்தீங்களே, அதே ரயில் பாலத்துக்கு அடியில. வேற வழி கெடையாது. தூறுனாலே அங்க தண்ணி நிக்கும்.

போன மாசம் நடந்ததச் சொல்றேன் கேளுங்க. அவ ஓட்டறா, இவரு பக்கத்துல, நான் பின்னாடி. மழை விட்டுருச்சு. முனையில திரும்பும்போது ஒரு பள்ளத்துல தண்ணி. ஆழமெல்லாம் இல்ல. வண்டி எறங்குச்சு, இருமுச்சு, ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுடுச்சு. நடு ரோட்டுல. ஸ்டேரிங்கு கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக்கு எறங்க மாட்டேங்குது. பின்னால ஒரு பஸ்ஸு. அந்த டிரைவரு மட்டும் போன நோண்டிட்டு வந்திருந்தாருன்னா நான் இன்னிக்கு இந்த சீட்டுல உக்காந்து உங்க காதப் புண்ணாக்கிட்டு இருக்க மாட்டேன். கண்ணாடியில அந்த பஸ்ஸோட நம்பர் பிளேட்டு ஒண்ணுதான் தெரிஞ்சுது, அவ்வளவு கிட்ட வந்து நின்னான். பொண்ணு பயத்துல சாவியத் திருப்பக் கையக் கொண்டு போனா. இவரு பளார்னு அவ கையில ஒண்ணு வெச்சாரு. தொடாத, தொட்டா இன்ஜினு செத்துடும்னு கத்தறாரு.

பஸ்ஸு பின்னால நிக்குதுண்ணே. இவரு இன்ஜினப் பத்திக் கத்தறாரு.

வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து பைப்பக் கழட்டுனா கடகடன்னு தண்ணி கொட்டுது. பில்டர சாப்பாட்டு மேசை மேல வெச்சு, நான் முடி காய வெக்கற மிஷினு இருக்குல்ல, அதால ரெண்டு மணி நேரம் காய வெச்சாரு. உள்ள என்னென்னமோ கழட்டினாரு, தொடச்சாரு, எண்ணெய மாத்தினாரு. சாயங்காலம் சாவியப் போட்டாரு, ஜம்முனு எடுத்துருச்சு. அப்படியே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறாரு. பாத்தியா, ஒண்ணும் ஆகல, நின்னதும் நிறுத்திட்டா போதும், திருப்பாம இருந்தா அரை நாள்ல சரி பண்ணிடலாம்னு. அன்னிக்குச் சொன்னாருண்ணே அந்த வார்த்தைய. திருப்பாம இருந்தா சரி பண்ணிடலாம். சைலன்சருக்குப் போன் போட்டு அதையே பெருமையா நாலு தடவ சொன்னாரு.

சண்டை போட்டேன். அழுதேன். நாலு நாள் பேசாம இருந்தேன், அவரு அதக் கவனிக்கவே இல்ல, ஏதோ தலைவலின்னு நெனச்சுட்டாரு. அடுத்த ஞாயிறு மாத்தறேன், அடுத்த ஞாயிறு மாத்தறேன். எத்தன ஞாயிறு! கடைசியில போன புதன்கெழம நானே அலமாரி மேல இருந்து அந்தப் பழைய பொட்டிய எறக்கி ஒரு சாக்குல போட்டு, வண்டிய எடுத்துட்டுப் பட்டறைக்குப் போயிட்டேன். இத மாட்டுங்க, அதக் கழட்டிக் குப்பையில போடுங்கன்னேன். மெக்கானிக்கு உள்ள பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாரு. பொட்டி உக்கார ஒரு இரும்பு பிராக்கெட்டு இருக்குமாம். பைப்பு போக வழி வேணும்னு இவரு அத ரம்பத்தால அறுத்து எடுத்திருக்காரு. அறுத்தே எடுத்துட்டாருண்ணே! திரும்பி வர்ற வழியே வேணாம்னு. அந்த மெக்கானிக்கு சும்மா இருந்தாரா, நான் வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே இவருக்குப் போனப் போட்டுட்டாரு.

சாயங்காலம் வந்தாரு. கத்தல. என்கிட்ட சொல்லாம என் வண்டியப் பட்டறைக்குக் கொண்டு போனியான்னு ஒரு வார்த்த. அப்புறம் பேசவே இல்ல. வியாழன், வெள்ளி, வீட்டுல கரண்டி சத்தம்தான்.

இன்னிக்கு எதுக்கு நான் வண்டிய எடுத்தேன்னா, இதுக்குத்தான். இந்த டப்பா. தண்ணில எறங்கும்போது தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுட்டு எறங்குனேன், ஒரு சொட்டு படல. வெள்ளை ஷூ. டூட்டிக்கு வெள்ளை ஷூதான் போடணுமாம். அவ சைசு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கடையில மட்டும்தான் இருந்துச்சு. போகும்போது பாலத்துக்கு அடியில கணுக்கால் தண்ணிதான். திரும்பும்போது ஏறியிருக்கு, ஆனா எனக்கு முன்னாடி ரெண்டு சின்னக் காரு சாதாரணமா போகுது. சரி, மெதுவா போயிடலாம்னு எறக்கினேன். நான் வேணும்னு விடலண்ணே. அது சத்தியம். எதுத்தாப்புல ஒரு லாரிக்காரன் வந்த வேகத்துல அலை எழும்பி பானெட்டு மேல வந்து விழுந்துச்சு. ரெண்டு இருமல். நின்னுடுச்சு.

மறுபடி அடிக்குது பாருங்க. இருங்க, எடுத்துடறேன். விட மாட்டாரு.

ஹலோ. ம். ம், வண்டிலதான் வர்றேன். இல்லங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. இல்ல, அடி எல்லாம் இல்ல. ஒண்ணும் ஆகலன்னு சொல்றேன்ல. நனைஞ்சிருக்கேன், அவ்வளவுதான். ஷூவா? வாங்கிட்டேன். ம். என்னாது? எப்ப? ம். ம். இல்ல. இல்லங்க, தொடவே இல்ல. நின்னதும் சாவிய எடுத்துட்டேன். ஆமா. எதுக்கு இப்ப அழறீங்க, பொண்ணு பக்கத்துல இருக்காளா? அழாதீங்க. வர்றேன். வெச்சுடறேன்.

லெப்ட்லண்ணே. அந்த டெய்லர் கடை தாண்டி.

எனக்கு அடிபட்டுச்சான்னு மூணு தடவ கேட்டாரு. நாலாவதாத்தான் வண்டியக் கேட்டாரு. நான் என்ன நெனச்சேன்னா, போன எடுத்ததும் மொத வார்த்த, திருப்புனியான்னுதான் கேப்பாருன்னு. அந்தத் தெம்புல உக்காந்திருந்தேன். கேக்கட்டும், கேட்டா வெச்சு வாங்கிடலாம்னு.

வெல்டிங் கடையில புதுசா அந்த பிராக்கெட்டு அடிச்சு வாங்கிட்டு வந்துட்டாராம். வியாழக்கெழமையே அளவு குடுத்திருக்காரு. நாளைக்குக் காலைல செட்டுக்குப் போகாம பழைய பொட்டிய மாட்டிட்டு, திங்கக்கெழம பொண்ணு கிளம்பும்போது சொல்லலாம்னு இருந்தாராம். பொய்யா இருக்குமோன்னுதான் எனக்கும் மொதல்ல தோணுச்சு. போட்டோ அனுப்பிட்டாரு. இந்தாங்க, நீங்களே பாருங்க. வேணாம், ரோட்டப் பாருங்க. பேப்பர் விரிச்சு வெச்சிருக்காரு. கறுப்புப் பெயிண்டு இன்னும் காயல.

ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? வியாழக்கெழமையே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

அந்தப் பாலத்துக்கு அடியில வண்டி நின்னதும் ஒரே அமைதிண்ணே. வைப்பர் மட்டும் பாதியில நின்னுட்டு இருக்கு. சாவி எதிர்க்க தொங்குது. அவரு சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. திருப்பாம இருந்தா அரை நாள்ல சரி பண்ணிடலாம். பண்ணிடுவாரு. இன்னிக்கு சனிக்கெழம. ராத்திரிக்குள்ள மேசை மேல வெச்சுக் காய வெச்சுடுவாரு. திங்கக்கெழம காலைல அஞ்சரைக்கு எம்பொண்ணு இந்த ஷூவப் போட்டுட்டு அதே பைப்போட இதே பாலத்துக்கு வருவா. பின்னால வர்ற பஸ்ஸு நிக்குமோ நிக்காதோ.

இன்ஜினப் பிரிச்சுப் பாத்தா தெரியுமாண்ணே? தண்ணி தானா பண்ணுச்சா, சாவியத் திருப்பினதுல ஆச்சான்னு? தெரியாதா? ரெண்டும் ஒரே மாதிரிதான் வளைஞ்சிருக்குமா? ம்.

அந்தப் பச்சை கேட்டுதான். நிக்கறாரு பாருங்க. கையில கொடைய வெச்சுட்டு, விரிக்க மறந்துட்டு நனைஞ்சுட்டு நிக்கறாரு.

அந்தப் பேப்பர எடுங்க. நிறுத்திட்டே எழுதுங்க, அவசரமில்ல. மொத தடவ சாவியத் திருப்புனப்ப டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், சுத்தல. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது பாதி சுத்துச்சு. நாலாவது தடவ புடிச்சுக்கிட்டு ஒரு உறுமல் உறுமுச்சு, அவருக்குப் புடிச்ச அதே சத்தம், அப்புறம் உள்ள ஏதோ முறிஞ்சுது. அதுக்கப்புறம்தான் சாவிய எடுத்தேன்.

கீழ வண்டி ஓனருதானே கையெழுத்துப் போடணும்னீங்க? அந்தக் கட்டத்துல நாலுன்னு எழுதுங்கண்ணே. படிச்சுட்டே போடட்டும்.